கத்தரிக்கோலை எடுக்குமுன்...

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், புனித தோமையார் மலை ஆகிய இடங்களில் வாழும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுள் பலவற்றுக்குச் சொந்த ஊர் வேறொன்றாகும். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள், தஞ்சைத் தரணியிலிருந்து வந்தவர்கள், இரயில்வேயிலும் விமானப் படையிலும் உழைத்து ஓய்வுபெற்றபின் இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மூட்டை முடிச்சுடன் திரும்பியவர்களின் பிள்ளைகள் எனப் பலரும் கூடி வாழும் இடம் இது. இத்தகைய வீடுகளின் பரணில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அப்பெட்டியில் பழைய கடிதங்கள் இருக்கும்.

வீடு மந்திரிக்கச் செல்லும்போது இப்பெட்டியைப் பற்றி நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுவதுண்டு. “இந்தக் குப்பையைக் கொளுத்திவிடலாமா சாமி?” என்பது ஒன்று. “இந்தத் தபால்தலைக்கு இலட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்கிறார்களே, உண்மைதானா சாமி?” என்பது மற்றொன்று. இரண்டுக்குமே ‘இல்லை’ என்பதுதான் நம் விடை. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தபால்தலை பிறந்த கதை

தபால்தலை தோன்றுவதற்கு முன், இங்கிலாந்தில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடிற்று. தாள் இரண்டானால் கட்டணமும் இரட்டித்தது. எனவே தொலைவில் பிழைக்கச் சென்ற மகனின் கடிதத்தை வாங்கப் பணமின்றித் திருப்பி அனுப்பிய ஏழைப் பெற்றோர் பலர். இம்முறையை மாற்ற வேண்டுமென 1837-இல் ஒரு சிறு நூல் வழியாக வாதிட்டவர் ரோலண்ட் ஹில் என்பவர். தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம், அதையும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்த வேண்டும், செலுத்தியதற்கு அடையாளமாக ஒரு சிறு தாளை உறைமேல் ஒட்ட வேண்டும் என்பது அவர்தம் திட்டம். அதன் பயனாக 1840, மே 6 முதல் வழக்கிற்கு வந்ததே ‘பென்னி பிளாக்’ எனும் கறுப்பு நிறத் தபால்தலை. உலகின் முதல் தபால்தலை இதுவே.

இதனைக் கேட்டவுடன், “அப்படியானால் அது விலை மதிப்பற்றதாக இருக்குமே!” என வாசகர் எண்ணலாம். அன்று. ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் பென்னி பிளாக் தலைகள் அச்சிடப்பட்டன. இன்றும் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன. பழமை வேறு, அருமை வேறு. இவ்வுண்மையைத் தபால்தலை சேகரிக்க விழைவோர் முதற்பாடமாகக் கொள்ள வேண்டும்.

அரையணாவின் ஆற்றல்

நம் நாட்டில், ஆசியாக் கண்டத்திலேயே முதன்முறையாக, 1852, ஜூலை 1 அன்று சிந்து மாநிலத்தில் தபால்தலை வெளியிடப்பட்டது. அங்கு ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரேர் என்பவரின் முயற்சி அது. ‘சிந்து டாக்’ எனப்படும் அந்த அரையணாத் தலைகளுள் ஒரு வகை, அரக்கினால் செய்யப்பட்டிருந்தது. அரக்கு எளிதில் நொறுங்குமாதலால் இன்று முழுமையாக எஞ்சியவை மிகச் சிலவே.

பின்னர், டல்ஹவுசி பிரபு தலைமை ஆளுநராக இருந்தபோது, 1854, அக்டோபர் 1 முதல் நாடு முழுமைக்குமான தபால்தலைகள் வந்தன. நீல நிற அரையணா, சிவப்பு நிற ஓரணா, பச்சை நிற இரண்டணா, இரு நிற நான்கணா ஆகியவை அவை. கால் தோலா, அதாவது ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள கடிதத்திற்கு அரையணாவே கட்டணம். சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்கு அனுப்பினாலும் பெஷாவருக்கு அனுப்பினாலும் அதே அரையணாதான். 1786-ஆம் ஆண்டிலேயே தலைமைத் தபால் நிலையம் அமையப் பெற்ற சென்னை மாநகரில், ஏழை எளியவரும் தயக்கமின்றித் தொலைவிலுள்ள உறவினர்க்கு எழுதும் நிலை அப்போதுதான் உருவாயிற்று.

இத்தலைகள் கல்லச்சிலும் பிற முறையிலும் கல்கத்தாவிலேயே அச்சிடப்பட்டவை. ஓரங்களில் துளைகள் கிடையா. வேண்டுவோர் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினர். நான்கணாத் தலையின் சிவப்புச் சட்டம் ஒருமுறையும், நடுவேயுள்ள அரசியின் நீல நிறத் தலை மறுமுறையும் அச்சிடப்பட்டன. ஒரு சில தாள்களைத் தலைகீழாக வைத்து அச்சிட்டதால் அரசியின் உருவம் தலைகீழாக அமைந்துவிட்டது. உலகப் புகழ்பெற்ற இப்பிழைத் தலைகளுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலானவை, சட்டத்தின் வடிவைப் பின்பற்றி எட்டு மூலையாக வெட்டப்பட்டவை. நான்கு பக்கமும் சதுரமாக வெட்டப்பட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அழகுக்காக வெட்டிய வெட்டே அத்தலைகளின் மதிப்பைக் குறைத்துவிட்டது.

முத்திரை சொல்லும் வரலாறு

கடல் கடந்த தமிழரின் வரலாற்றையும் இத்தாள்கள் தம்முள் தாங்கியுள்ளன. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை 1867 வரை இந்திய அரசின் ஆட்சியில் இருந்தமையால், அங்கும் நம் அணாத் தலைகளே வழங்கின. பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஆயின் மேலே விழுந்த முத்திரையை உற்று நோக்கினால் ‘பி 172’ என்றிருப்பது சிங்கப்பூரையும், ‘பி 147’ என்றிருப்பது பினாங்கையும், ‘பி 109’ என்றிருப்பது மலாக்காவையும் குறிக்கும். முத்திரையைக் கண்டு எரிச்சலுற்று, “கறை படிந்த தலை” என ஒதுக்குவோர், அதன் பிறப்புச் சான்றிதழையே ஒதுக்குகின்றனர் எனலாம்.

இலங்கை 1857, ஏப்ரல் 1 முதல் தனக்கெனத் தலை வெளியிட்டது. 1859-இல் வெளிவந்த அதன் மங்கிய ரோஜா நிற நான்கு பென்சுத் தலை, உலகின் அரிய தலைகளுள் ஒன்று. பர்மா 1937 வரை இந்தியத் தலைகளையே பயன்படுத்திற்று. இன்று நாம் வழங்கும் ‘அஞ்சல்’ என்னும் சொல்லைத் தன் பெயராகவே கொண்டிருந்த திருவிதாங்கூர் அஞ்சல், 1888-இல் சங்குச் சின்னம் பொறித்த தலைகளை வெளியிட்டது. நாகர்கோவில் பகுதியிலிருந்து இங்கு வந்த குடும்பங்களின் பெட்டிகளில் இச்சங்குத் தலை இருப்பின் வியப்பதற்கில்லை. 1951-இல் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்துவிட்டது.

திருச்சபையின் வரலாறும் இதில் உண்டு. சிந்து டாக் வெளிவந்த அதே 1852-ஆம் ஆண்டின் முதல் நாளில், திருத்தந்தையின் ஆட்சியிலிருந்த உரோமை நாடுகளும் தபால்தலை வெளியிட்டன. அவற்றில் எவருடைய முகமும் இல்லை. திருத்தந்தையின் முடியும், புனித இராயப்பரின் திறவுகோல்களுமே பொறிக்கப்பட்டன. 1870-இல் இத்தாலியப் படை உரோமை நகரைக் கைப்பற்றியதோடு அத்தலைகள் மறைந்தன. வத்திக்கான் நாடு உருவான 1929-ஆம் ஆண்டில், ஆகஸ்டு 1 அன்று, திருத்தந்தையின் தபால்தலைகள் மீண்டும் தோன்றின. பழைய தலைகளைப் பிற்காலத்தில் விற்பனைக்கென்றே மறுபதிப்புச் செய்தனர். எனவே ‘உரோமை நாடுகளின் தலை’ என எவரேனும் விலை கூறினால், அறிந்தவரிடம் காட்டாமல் வாங்குதல் ஆகாது.

உறையின் மேன்மை

தனித் தலையைக் காட்டிலும் உறையோடு கூடிய தலைக்கே மேன்மை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தமிழர் பலர் குடியேறிய மொரிசியசுத் தீவில் 1847-இல் வெளியான தலைகள் உலகப் புகழ் வாய்ந்தவை. அவற்றுள் ஒரு பென்னித் தலைகள் இரண்டு ஒட்டப்பெற்ற உறையொன்று, 1850-இல் பம்பாயிலிருந்த விவிலியச் சங்கச் செயலருக்கு அனுப்பப்பட்டது. அவ்வுறை 1897-இல் நம் நாட்டுக் கடைத்தெரு ஒன்றில் கிடைத்தது. எவரேனும் அத்தலைகளை வெட்டி எடுத்து உறையை எறிந்திருந்தால், அவை எங்கிருந்து எங்கே, எதற்காகச் சென்றன என்பது எவர்க்கும் தெரியாது போயிருக்கும்.

பிரிட்டிஷ் கயானாவின் 1856-ஆம் ஆண்டு ஒரு சென்ட் தலையின் கதையும் இத்தகையதே. உலகில் அதன் படி ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டுள்ளது. 1873-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் உறவினரின் பழைய கடிதங்களுக்கிடையே அதனைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014-இல் அது ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதுவும் மூலைகள் வெட்டப்பட்ட தலையே! இதனைப் படித்துவிட்டு நம் வீட்டுச் சிறுவர்கள் பரணில் ஏறுவார்களானால் மகிழ்ச்சியே. ஆயின் உள்ளதை உள்ளவாறு கூற வேண்டும். நம் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பவை ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் மன்னர்களின் தலைகள். அவற்றுள் பெரும்பாலானவை சந்தையில் சில ரூபாய்க்கே விலைபோகும். அவை ஒட்டியுள்ள கடிதங்களோ உங்கள் குடும்பத்திற்கு வேறெங்கும் கிடைக்காதவை.

நம் கத்தோலிக்க இல்லங்களில் தலைகளை வெட்டியெடுக்கும் பழக்கத்திற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. பயன்படுத்திய தலைகளைப் பள்ளிகளிலும் பங்குகளிலும் சேர்த்து, எடைக்கணக்கில் விற்று, மறைபரப்புப் பணிக்கு உதவும் வழக்கம் உலகின் பல நாடுகளில் நிலவி வருகிறது. நேற்றும் இன்றும் வந்த உறைகளுக்கு அது மிகப் பொருத்தமே. தலையைச் சுற்றிச் சிறிது தாள் விட்டு வெட்டினால் போதும். ஆனால் தாத்தா காலத்து உறைக்கு அந்தக் கத்தரிக்கோல் ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டுவன

2015, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் மொட்டை மாடிகளில் காயவைக்கப்பட்ட பொருள்களில் திருமணப் படங்களும் கடிதக் கட்டுகளும் இருந்தன. மை கரைந்த கடிதங்களை எவரால் மீட்க இயலும்? ஆகவே பெட்டியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். ஒழுகும் கூரையின் அடியிலும் வைக்காதீர்கள்.

உறைகளை வெயிற்காலத்து உலர்ந்த நாளில் பிரித்துப் பாருங்கள். ஒட்டும் டேப்பும் பசையும் கூடா. லாமினேஷன் அறவே கூடாது. ரப்பர் வளையம் நாளடைவில் உருகித் தாளைக் கறைப்படுத்துமாதலின் அதனையும் நீக்குக. கடிதத்தை அதன் உறையோடு சேர்த்தே வைத்து, எழுதியவர் யார், பெற்றவர் யார், எந்த ஆண்டு என்பவற்றைத் தனித் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். உறையின்மீது எதனையும் எழுதாதீர்கள். தலையைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்கப் பழகுங்கள்.

சிறுவர்களுக்குச் சில வாய்ப்புகள்

தபால்தலை சேகரிக்க விரும்பும் சிறுவர்க்குப் பெரும் பணம் தேவையில்லை. உலகனைத்தையும் சேர்க்க முயலாமல், ஒரு நாட்டையோ ஒரு காலத்தையோ தேர்ந்துகொள்வது நல்லது. சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலைச் சேகரிப்போர்க்கெனத் தனிப் பிரிவு உள்ளது. 1956-இல் தோன்றிய தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்போர் சங்கமும் சென்னையிலேயே உள்ளது. அறிந்தோரை அணுகிக் கற்பது, போலித் தலைகளை வாங்கி ஏமாறுவதிலிருந்து நம்மைக் காக்கும். 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவருள் இத்துறையில் ஆர்வமுள்ளோர்க்கு ஆண்டுக்கு ரூ. 6000 உதவித்தொகை வழங்கும் ‘ஸ்பர்ஷ்’ என்னும் திட்டத்தை அஞ்சல் துறை 2017-இல் தொடங்கியது. விவரங்களை அஞ்சலகத்தில் கேட்டறியலாம். தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், 1884-இல் திறக்கப்பட்ட செந்நிறத் தலைமைத் தபால் நிலையக் கட்டடத்தைக் காணலாம். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

நிறைவாகப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பாட்டியோ தாத்தாவோ இன்னும் உங்களோடு இருப்பார்களாயின், வருகிற ஞாயிறு மாலையே அந்தப் பெட்டியை அவர்கள் முன் திறந்து வையுங்கள். “இது யார் எழுதியது?” என்று ஒவ்வோர் உறையாகக் காட்டிக் கேளுங்கள். தலையின் விலையைப் பிறகு எவரிடமும் கேட்டு அறிந்துகொள்ளலாம். இக்கேள்விக்கு விடை கூற வல்லவர் அவர் ஒருவரே.