வயிற்றில் ஒரு பை
(தொடர் - 7)

குடலில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் உறவினர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "வயித்துல பை வச்சிருக்காங்களாம்." அதன்பிறகு அவர் கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை, பஸ் ஏறுவதில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளக்கூடத் தயங்குகிறார். நோய் போய்விட்டது, எந்த நேரத்தில் கசியுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

1954இல் டென்மார்க்கில் தோரா என்ற பெண்ணும் இதே பயத்தோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார். அந்தக் காலத்தில் ஸ்டோமா, அதாவது கழிவு வெளியேற வயிற்றில் திறக்கும் குடல்வாய், வைத்தவர்கள் ரப்பர் பையையோ உலோகக் கிண்ணத்தையோ இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். நாற்றமும் கசிவும் ஓயாது. தோராவின் சகோதரி எலீஸ் சோரன்சென் ஒரு நர்ஸ். பையைக் கட்டாமல் தோலிலேயே ஒட்டிவிட்டால் என்ன என்று அவர்தான் யோசித்தார். பிளாஸ்டிக் தயாரிப்பாளர் ஆகே லூயிஸ்-ஹான்சென் முதலில் இதில் ஆர்வம் காட்டவில்லை. அவருடைய மனைவி யோஹானவும் நர்ஸ் பயிற்சி பெற்றவர். அந்த யோசனையின் அருமை அவருக்கு உடனே புரிந்தது. கணவரைச் சம்மதிக்க வைத்தார். அப்படிப் பிறந்த பையை விற்பதற்காக 1957இல் தொடங்கிய நிறுவனம்தான் கோலோபிளாஸ்ட்.

பை ஒட்டினால் போதுமா? அடியில் இருக்கும் தோல் தாங்க வேண்டாமா? சிறுகுடலிலிருந்து வெளியேறுவது தண்ணீராக இருக்கும். அதில் செரிமான நொதிகள் நிறைந்திருக்கும். சோற்றையும் பருப்பையும் செரிக்கிற அதே நொதிகள், தோலில் பட்டால் தோலையும் அரித்துவிடும். சில மணி நேரத்திலேயே சிவந்து எரியத் தொடங்கும். புண்ணான தோலில் பை ஒட்டாது. ஒட்டாத பை கசியும், கசிவு புண்ணை இன்னும் பெரிதாக்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரையன் புரூக் என்ற அறுவை மருத்துவர் 1952இல் இதற்கு ஒரு வழி சொன்னார். சட்டைக் கையை மடித்துவிடுவது போலக் குடலின் நுனியை வெளிப்புறமாகப் புரட்டித் தைத்தார். அது சிறு குழாய்வாய் போல நீட்டிக்கொண்டு நின்றது. வெளியேறுவது தோலில் வழியாமல் நேராகப் பைக்குள் விழுந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல், பல்செட்டை ஒட்டவைக்கப் பயன்பட்ட கராயா பிசினைத் தோலுக்குக் கவசமாக்கினார். அந்தப் பிசின் இந்தியக் காட்டு மரத்திலிருந்து வடிவது. பிறகு பைக்கும் தோலுக்கும் நடுவே ஒட்டுகிற, பெக்டின், ஜெலட்டின் கலந்த தகடுகள் வந்தன; அவற்றின் மூலக் கலவை வாய்ப்புண்ணுக்காக உருவானது.

டர்ன்புல்லின் பெரிய கண்டுபிடிப்பு பிசின் அல்ல, நார்மா கில் என்றுதான் சொல்லவேண்டும். அவரிடமே ஆபரேஷன் செய்துகொண்டு தானும் பையோடு வாழ்ந்தவர் நார்மா. 1958இல் டர்ன்புல் அவரைத் தன் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்த்தார். 1961இல் இருவரும் சேர்ந்து ஸ்டோமா பராமரிப்புக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஸ்டோமா நர்ஸ் என்ற தனித் தொழில் அங்கிருந்துதான் கிளைத்தது.

அந்தத் தொழிலின் நுணுக்கத்தைப் பை மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். பழைய தகட்டை நர்ஸ் பிய்த்து இழுப்பதில்லை. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மேலிருந்து மெல்ல உரிக்கிறார். எடுத்ததும் எறிந்துவிடாமல் திருப்பிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் கரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் போக ஒற்றுகிறார். எண்ணெய், பவுடர் எதுவும் கிடையாது. ஸ்டோமா, வாயின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கிறது. தொட்டால் வலிக்காது என்பதை அறிந்தபோதுதான் நோயாளிக்கு அதைக் கண் திறந்து பார்க்கவே தைரியம் வருகிறது. பிறகு அளவெடுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாகத் துளை வெட்டுகிறார். முதல் ஆறு எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். பழைய அளவையே வெட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியில் தோல் வெந்துபோகும். ஒட்டிய பிறகு உள்ளங்கையை மேலே வைத்துச் சற்று நேரம் அப்படியே இருக்கிறார். அந்தச் சூட்டில் தகடு தோலோடு படிகிறது.

இதற்கெல்லாம் முந்தியது இன்னொரு வேலை. ஆபரேஷனுக்கு முன்பே, பை எங்கே வரவேண்டும் என்று வயிற்றில் மையால் குறிப்பது. படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரிகிற இடம் உட்கார்ந்தால் மடிப்புக்குள் போய்விடும். அதனால் நோயாளியை நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்க்கவேண்டும். நம் ஊரில் வேட்டியை எங்கே கட்டுவார், சேலைக் கொசுவம் எங்கே சொருகுவார் என்றும் கேட்கவேண்டும். குறித்த பிறகு, "குனிஞ்சு பாருங்கம்மா, அந்தப் புள்ளி உங்க கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்கிறார் சிஸ்டர். தெரியவில்லை என்றால் அழித்துவிட்டு, கொஞ்சம் மேலே மறுபடி குறிக்கிறார்.

(தொடரும்)