கப்பலில் பிறந்த எண்ணம்!

1937-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி. நியூயார்க் நகரில் இருந்து அயர்லாந்து நாட்டுக்கு ஒரு கப்பல் போய்க்கொண்டு இருந்தது. அதில் ஒரு தமிழ் இளைஞர் இருந்தார். வயது 25.

அன்று காந்தி அடிகளின் பிறந்த நாள். அது இளைஞரின் நினைவுக்கு வந்தது. கூடவே ஓர் எண்ணமும் வந்தது. காந்தி அடிகளின் வாழ்க்கையைச் சினிமாப் படமாகத் தயாரிக்க வேண்டும் என்பதே அந்த எண்ணம். நடிகர்களை வைத்து எடுக்கும் படம் அல்ல. காந்தி அடிகளே தோன்றும் படம்!

அந்த இளைஞர்தான் ஏ. கே. செட்டியார். "உலகம் சுற்றும் தமிழன்" என்று பெயர் பெற்றவர்.

கடல் கடந்தார்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர் செட்டியார். அந்தப் பக்கத்து நகரத்தார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறுவது அந்த நாளில் வழக்கம். அங்கே கடை வைத்து, வட்டித் தொழில் செய்வார்கள்.

செட்டியாரும் பர்மாவுக்குப் போனார். ஆனால் அவருடைய மனம் வேறு வழியில் சென்றது. அங்கே "தன வணிகன்" என்ற தமிழ்ப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். பிறகு ஜப்பானுக்குப் போய், புகைப்படக் கலை படித்தார். அதே கலையை மேலும் கற்க, அமெரிக்காவுக்குப் போனார். அந்தப் படிப்பை முடித்துத் திரும்பும்போதுதான், மேலே சொன்ன எண்ணம் பிறந்தது.

சிதறிக் கிடந்த படங்கள்

எண்ணம் எளிது. வேலை எளிதா?

1930-ல் தண்டிக்கு உப்பு எடுக்க நடந்தார், காந்தி அடிகள். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்றார். இப்படி அவர் போன இடங்களில் எல்லாம் யார் யாரோ படம் பிடித்து இருந்தார்கள். அந்தப் படச் சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன.

அந்தக் காலத்துப் படச் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. நாள் பட்டால் கெட்டுப் போகும். கெட்டுப் போனால் திரும்ப எடுக்க முடியுமா? நடந்து முடிந்த தண்டி யாத்திரையை மறுபடி நடத்திக் காட்ட யாரால் முடியும்?

செட்டியார் மீண்டும் புறப்பட்டார். நாடு நாடாக அலைந்தார். சுமார் 1 லட்சம் மைல் பயணம்! அவர் சேர்த்த படம் 50 ஆயிரம் அடி நீளம். அதில் இருந்து 12 ஆயிரம் அடியைத் தேர்ந்து எடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய படம் அது.

இதற்குள் 1939-ல் உலகப் போர் மூண்டது. கடலில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. செட்டியார் இன்னும் சில ஆண்டுகள் தாமதித்து இருந்தால், இந்தப் பயணமே நடந்து இருக்காது. 1940-ல் படம் வெளிவந்தது. தமிழ் விளக்கத்துடன் வந்தது!

உள்ளூரும் உலகம்தான்

உலகம் சுற்றியவருக்கு உள்ளூர் சலித்துப் போகும் என்பார்கள். செட்டியாருக்குச் சலிக்கவில்லை. 1943-ல் "குமரி மலர்" என்ற மாத இதழைத் தொடங்கினார். பல நாட்டுச் செய்திகளோடு, தமிழகத்தின் பழைய செய்திகளையும் தேடித் தேடி வெளியிட்டார். முன்னாளில் தமிழ்நாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்த்தவர்கள் எழுதிய கட்டுரைகளைத் திரட்டி, 1968-ல் "தமிழ்நாடு" என்ற நூலாகக் கொண்டு வந்தார். 1983-ல் காலமானார்.

வீட்டில் ஒரு பிள்ளை கால் தரிக்காமல் அலைந்தால், "ஊர்சுற்றி" என்று பெரியவர்கள் திட்டுவது உண்டு. ஆனால் சுற்றுவதிலும் இரண்டு வகை உண்டு. பொழுது போவதற்காகச் சுற்றுவது ஒன்று. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கும் நாட்டுக்கும் எதைக் கொண்டுபோகலாம் என்று தேடிச் சுற்றுவது மற்றொன்று.

இதற்குக் கப்பல்தான் ஏற வேண்டும் என்பது இல்லை. பக்கத்து ஊருக்குப் போகும் பஸ் போதும். அங்கே நெசவு நடந்தால், தறிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பானை செய்தால், மண் எங்கே எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும், பார்த்ததை ஒரு நோட்டில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

செட்டியார் செய்ததும் அதுதான். பார்த்தார்; கேட்டார்; பத்திரப்படுத்தினார்.