உடற்சூடு கூறும் காலம்

தருக்க நூல் வல்லோர் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பர். கண்ணாற் கண்டறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிவது கருதல். நம்பத்தகுந்தார் கூற்றால் அறிவது உரை. கொலை வழக்கொன்றிலே காட்சி கிடைப்பது அரிது. கொல்வோர் கண்டோரை வைத்துக்கொண்டு கொல்வதில்லை. உரையோ அச்சத்தாலும் ஆசையாலும் திரியும். எனவே பெரும்பாலும் எஞ்சி நிற்பது கருதல் ஒன்றே. இறந்தார் உடலிற் காணும் குறிகளைக்கொண்டு இறப்பு எதனால் நேர்ந்தது, எப்பொழுது நேர்ந்தது என்று துணியும் சட்ட மருத்துவத்தை அக்கருதலளவையின் ஒரு கிளை எனக் கூறுதல் பொருந்தும்.

அத்துறை வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. துப்புத் துலங்கிய வழக்குகளைப் போலவே, சில வேளை அவற்றினும் மேலாக, துலங்காது நின்ற வழக்குகள் அதற்குப் பாடம் புகட்டியுள்ளன. கொலையாளி அகப்பட்டுத் தண்டனை பெற்றபின், மருத்துவர் கூறியது முற்றும் சரிதானா என எவரும் மீளப் புரட்டிப் பார்ப்பது குறைவு. அகப்படாதவிடத்தோ மருத்துவரின் ஒவ்வொரு சொல்லும் தலைமுறை தலைமுறையாக நிறுக்கப்படுகின்றது. அவ்வாறு நிறுக்கப்பட்ட வழக்குகள் இரண்டினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று லண்டனில் 1888இல் நிகழ்ந்தது. மற்றையது கொழும்பில் 1951இல் நிகழ்ந்தது. இரண்டிலும் மருத்துவர் முன் நின்ற வினா ஒன்றே: உயிர் பிரிந்த வேளை யாது?

கை தொட்டறிந்த சூடு

கிழக்கு லண்டனிலே வைட்சப்பல் என்னும் வறியோர் வாழிடத்தில் 1888ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெண்கள் பலர் அடுத்தடுத்துக் கொலையுண்டனர். 'ஜாக் தி ரிப்பர்' என்று உலகம் பெயரிட்டழைக்கும் அக்கொலைஞன் யாவன் என்பது இன்றளவும் தெரியாது. அவன் கைப்பட்டோருள் ஒருவர் ஆனி சாப்மன். அவருடைய உடல் செப்ரெம்பர் 8ஆந் திகதி காலையில், ஹன்பரி வீதி 29ஆம் இலக்க வீட்டின் பின்முற்றத்திற் கிடந்தது.

பொலிஸ் வைத்தியர் ஜோர்ஜ் பாக்ஸ்டர் பிலிப்ஸ் ஏறக்குறைய ஆறரை மணிக்கு அங்கு வந்தார். உடலைத் தொட்டுப் பார்த்தார். உள்ளுறுப்புகளின் கீழே சிறிது சூடு எஞ்சியிருந்ததன்றி, மற்றெல்லாம் குளிர்ந்திருந்தன. கைகால்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. இறந்து இரண்டு மணி நேரமாவது சென்றிருத்தல் வேண்டும், அதனினும் கூடுதலாயிருக்கலாம் என்பது அவர் துணிபு. அவ்வாறாயின் இறப்பு நாலரை மணிக்கு முன்னராதல் வேண்டும்.

ஆனால் சாட்சிகள் வேறு கூறினர். ஐந்து மணிக்குச் சற்று முன்னர் அம்முற்றத்துப் படியில் அமர்ந்த ஒருவர் அங்கு உடல் எதனையும் காணவில்லை. ஏறத்தாழ ஐந்தரை மணிக்கு அவ்வீட்டின் வெளியே ஆனி சாப்மன் ஓர் ஆடவனோடு பேசிநின்றதைக் கண்டதாக ஒரு பெண் சான்று பகர்ந்தார். அயல்வீட்டார் ஒருவர் அவ்வேளையளவிலே முற்றத்திற் குரலும், வேலியில் ஏதோ மோதும் ஓசையும் கேட்டதாகச் சொன்னார். உரையளவை ஒருபுறமும் கருதலளவை மறுபுறமுமாக நின்றன. மரண விசாரணை அதிகாரி உவின் பக்ஸ்டர் சாட்சிகளின் பக்கமே சாய்ந்தார். அதற்கு இடமளித்தவரும் பிலிப்ஸ் அவர்களே. காலைக் குளிரும் மிகுதியான குருதியிழப்பும் உடலை விரைந்து குளிரச் செய்திருக்கலாம் என்று அவர் தம் கூற்றுக்குத் தாமே வரம்பு கட்டியிருந்தார். அவர் சாட்சியத்தில் மிக மதிக்கத்தக்க பகுதி அவ்வரம்பே என்பேன்.

இன்னொரு குறையும் அவ்விசாரணையில் வெளிப்பட்டது. பிரேத பரிசோதனைக்கெனக் கொண்டு செல்லப்பட்ட இடம் ஒரு கொட்டில். வைத்தியர் வருமுன்னரே தாதியர் உடையைக் களைந்து உடலைக் கழுவிவிட்டனர். அழிந்த குறிகளை எவரால் மீட்க இயலும்? வைத்தியரும் விசாரணை அதிகாரியும் அவ்விடத்தின் தகுதியின்மையை வெளிப்படையாகக் கண்டித்தனர். பரிசோதிக்குமுன் உடலைக் கழுவலாகாது, உடையைக் களைதலும் ஆராய்வின் ஒரு பகுதியே என்பன இன்று மாணவர்க்குக் கற்பிக்கப்படும் முதற் பாடங்கள்.

வெப்பமானி வந்த வழி

இறந்தார் சூட்டை அளந்தறியும் முறை 1888இல் இல்லாததொன்றன்று. ஜோன் டேவி என்னும் இராணுவ மருத்துவர், இறந்த போர்வீரரின் உடல் வெப்பத்தை மோல்ற்றாத் தீவில் வெப்பமானியால் அளந்து, அவ்வாய்வுகளை 1839இல் வெளியிட்டார். இவர் அதற்கு முன்னர் நமது இலங்கையிற் பணிபுரிந்து, இந்நாட்டின் உட்பகுதியைப் பற்றி 1821இல் நூலொன்றும் வெளியிட்டவர். லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த ரெயிலர், உவில்க்ஸ் என்போர் நூறு உடல்களை ஆராய்ந்து 1863இல் எழுதினர். கிளாஸ்கோவிலே ஹரி ரெயினி என்பவர் நியூற்றன் கண்ட குளிர்வு விதியைக்கொண்டு காலத்தைக் கணிக்க முயன்று 1868இல் எழுதினார். நூலிலே வெப்பமானி இருந்தது. ஹன்பரி வீதி முற்றத்திலோ கைதான் இருந்தது.

நியூற்றன் விதி எளிது. சூடான பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரைவாக அப்பொருள் குளிரும். அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் ஆறுவது இதனாலேயே. ஆயின் மனித உடல் கஞ்சிக் கலயம் அன்று. உட்பகுதியின் சூடு தசையையும் கொழுப்பையும் ஊடறுத்து வெளிவரக் காலம் செல்லும். ஆதலின் தொடக்கத்திற் சிறிது நேரம் உள்வெப்பம் இறங்காது நிற்கும். அதன் பின்னரே வீழ்ச்சி தொடங்கும்.

கொழும்பில் எழுந்த வினா

1951ஆம் ஆண்டு ஒக்ரோபர் 9ஆந் திகதி பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேசிலுள்ள ஒரு வீட்டின் கராஜிலே, அவ்வீட்டுத் தலைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். அவர் கணவர் மகாதேவ சதாசிவம், இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர், நாடறிந்த துடுப்பாட்டக்காரர். அவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வீட்டு வேலைக்காரன் நிபந்தனையுடன் மன்னிக்கப்பட்டு அரசுத் தரப்புச் சாட்சியானான். தானும் உடனிருக்க மாடியிலே கொலை நடந்ததென்பது அவன் கூற்று. கணவர் வீட்டைவிட்டு நீங்கிய பின்னர்ச் சமையலறையிலேயே கொலை நிகழ்ந்ததென்பது எதிர்த் தரப்பின் வாதம்.

சதாசிவம் அன்று முற்பகல் ஏறக்குறையப் பத்தரை மணிக்கு டாக்ஸியொன்றில் வெளியேறினார். ஆகவே வழக்கின் அச்சாணி அந்த வேளையாயிற்று. உயிர் பிரிந்தது டாக்ஸி புறப்படுமுன்னரா, பின்னரா? மரண தண்டனை நடைமுறையிலிருந்த காலம் அது. ஒரு மனிதனின் கழுத்து அந்த நாழிகையிற் தொங்கியது என்றால் மிகையாகாது.

இம்முறை வெப்பமானி இருந்தது. சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் உடலின் வெப்பத்தை அளந்து காலத்தைக் கணிக்க முற்பட்டார். எதிர்த் தரப்பிற்காக எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித் அழைக்கப்பட்டார். நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நடந்தது. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். 1953 யூன் 25இல், ஜூரிமார் ஒருமுகமாகச் சதாசிவம் குற்றவாளியல்லர் என்று தீர்ப்பளித்தனர். அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

வழக்கு முடிந்தது, அது எழுப்பிய வினா முடியவில்லை. மேனாட்டார் கணிப்புகள் குளிர்நாட்டு உடல்களிலிருந்து பெறப்பட்டவை. அங்கு உடலுக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வேறுபாடு பெரிது. கொழும்பிலே அறையின் வெப்பம் 30 பாகை எனின், 37 பாகை உடல் இறங்குதற்கு இடம் ஏழு பாகையே. அச்சிறு இடைவெளியில் அரைப்பாகை தவறினாலும் கணிப்புப் பெரிதும் பிறழும். இறக்கும் வேளையில் அவ்வுடல் 37 பாகையில்தான் இருந்ததா என்பதும் ஐயமே. போராடி மூச்சடங்கியோர் உடலில் அது சற்று உயர்ந்திருக்கவும் கூடும். உடை, உடற்பருமன், கிடந்த தரை, வீசிய காற்று ஆகிய ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும்.

இவ்வையங்களைத் தீர்க்க வேண்டுமாயின், இறந்த வேளை ஐயமின்றித் தெரிந்த உடல்கள் வேண்டும். அவற்றை அரசே அளித்தது. டி சேரம், வெப்ஸ்ரர், கதிர்காமத்தம்பி என்னும் மூவரும் தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல்கள் குளிரும் முறையை அளந்து, 1955இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றிற் கட்டுரை வெளியிட்டனர். பிற்கால ஆய்வாளர் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரை அது. சட்டம் உயிர் பறித்தோரின் உடல்களே, சட்டம் தவறாது உயிர் பறிக்காதிருத்தற்கு வேண்டிய அறிவைத் தந்தன. இதனை எண்ணும்போது நெஞ்சம் சற்று நடுங்குகின்றது.

ஏறத்தாழ

அதன்பின் ஆய்வு பெருகிற்று. மார்ஷல், ஹோர் என்போர் 1962இல் பிரித்தானியாவிலே குளிர்வு வளைகோட்டுக்குத் தக்கதொரு கணிதச் சூத்திரம் அமைத்தனர். ஜேர்மனியைச் சேர்ந்த ஹென்ஸ்கே அதனை அடிப்படையாகக் கொண்டு, உடல் நிறை, சூழல் வெப்பம், உடை முதலியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் வரைபடங்களை ஆக்கினார். சூழல் 23 பாகைக்குக் கீழாயின் ஒரு படம், மேலாயின் மற்றொரு படம். உலகெங்கும் சட்ட மருத்துவர் கையாளும் இம்முறை தரும் விடை யாது? நிலைமைகள் மிக நன்றாக அமைந்தவிடத்தும், கணித்த வேளைக்கு 2.8 மணி நேரம் முன்னாகவோ பின்னாகவோ உண்மை இருக்கலாம். அவ்வெல்லைக்குள் இருத்தற்கு வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.

வாசகர் இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஹன்பரி வீதியில் எழுந்த பிணக்கு ஒரு மணி நேரத்தைப் பற்றியது. பம்பலப்பிட்டியில் எழுந்தது அதனினும் சிறு பொழுதைப் பற்றியது. இன்றைய சிறந்த முறையோ ஐந்தரை மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியைத் தருகின்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு நமக்குக் கூரிய விடையைத் தரவில்லை. விடையின் எல்லையைத் தந்தது. இதனைச் சிலர் தோல்வி என்பர். நான் அவ்வாறு கருதேன். புகை கண்டு நெருப்பைத் துணிவோன், மூடுபனியைப் புகையென்று மயங்குதலும் உண்டு என அறிந்த பின்னரே நல்ல தருக்கவாணன் ஆகின்றான்.

அதனாலேயே இன்றைய சட்ட மருத்துவர் உடலின் வெப்பத்தோடு அறையின் வெப்பத்தையும், அளந்த வேளையையும், உடையையும், உடல் கிடந்த நிலையையும் குறித்துக்கொள்கின்றார். விறைப்பையும் குருதித் தேக்கத்தையும் வேறாக நோக்குகின்றார். கூண்டில் ஏறியபின், இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையே என்று கூறுகின்றார். 'சரியாக எத்தனை மணி?' என வழக்கறிஞர் எத்துணை அழுத்திக் கேட்பினும், அவ்வெல்லையைக் குறுக்க மறுப்பதே அவர் கடமை. குறுக்கினால் ஓர் அப்பாவி தூக்குமேடை ஏறவும், ஒரு கொலைஞன் தப்பவும் கூடும்.

நம் மொழியில் 'ஏறத்தாழ' என்றொரு சொல் உண்டு. மேலே ஏறவும் கீழே தாழவும் இடம் விட்டுக் கூறுதல் என்பது அதன் பொருள். 'கூடக்குறைய' என நாட்டார் வழங்குவதும் அதுவே. மாணவர் சிலர் இதனை அறியாமையை மறைக்கும் சொல்லென எண்ணுவர். எவ்வளவு ஏறலாம், எவ்வளவு தாழலாம் என்று அளந்து சொல்லுமிடத்து, அறிவு தன் எல்லையை அறிந்து உரைக்கும் சொல் அது. ஆனி சாப்மனுக்கும் பம்பலப்பிட்டி அன்னைக்கும் நீதி கிட்டவில்லை. அவர்கள் பொருட்டு எழுந்த பிணக்குகளோ, சாட்சிக் கூண்டில் ஏறும் மருத்துவர்க்கு இச்சொல்லின் மதிப்பைக் கற்பித்துச் சென்றன.