மீன் தொட்டி பச்சையாகிறதா? மருந்துக்கு முன் ஜன்னலைப் பாருங்கள்

நெமிலி பகுதியில் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து கப்பி, மோலி, தங்கமீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது, தண்ணீர் பச்சையானால் என்ன மருந்து ஊற்றலாம் என்பதே. பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

பாசியும் ஒரு களைதான். வெயிலும் உரமும் சேர்ந்தால் வளரும். மீன் தின்னாமல் விட்ட தீவனமும் அதன் கழிவும் நைட்ரேட், பாஸ்பேட்டாக மாறி உரமாகின்றன. யூரியா இடும் வயல்களை ஒட்டிய கிணற்று நீரில் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கலாம். அப்படியானால் தண்ணீர் மாற்றுவதே உரமிடுவதாகிவிடும். தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய ஊர்களில் நீரின் உப்புத்தன்மையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் வெளிநாட்டுப் புத்தகங்களை அப்படியே நம்ப வேண்டாம். தெற்கு ஜன்னல் ஆகாது, வடக்கு ஜன்னல் நல்லது என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நெமிலி ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். தெற்கு ஜன்னல் வழியே வெயில் உள்ளே வருவது மார்கழி, தை மாதங்களில்தான். ஆண்டு முழுவதும் தொல்லை தருவது கிழக்கும் மேற்கும். அதிலும் மேற்கு மோசம். மாலை வெயில் சாய்வாக வந்து சிறிய தொட்டியைச் சூடாக்கிவிடும். 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் நீர், 33 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவே தாங்கும்.

காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டால் போதும். விளக்கையும் சேர்த்து மொத்த வெளிச்சம் 8 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். தொட்டியை நகர்த்த இடமில்லையா? ஜன்னல் பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாகக் கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள்.

பச்சை நீர் நஞ்சல்ல. குஞ்சுகளுக்கு உணவாகும் தண்ணீர்ப்பூச்சிகளை வளர்க்க அலங்கார மீன் பண்ணைகளில் வேண்டுமென்றே பச்சை நீர் தயாரிப்பார்கள். ஆபத்து விடியற்காலையில் இருக்கிறது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதை எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் காரணம் இதுதான். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள்.

வயலுக்கு வாங்கிய மயில்துத்தத்தை ஒரு சிட்டிகை போடுவதும் கூடவே கூடாது. தாமிரம் பாசியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இறாலும் நத்தையும் அதற்கும் முன்பே சாகும். பிழைத்த மீன்களுக்கும், செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் பற்றாக்குறை வரும்.

அதற்குப் பதில் தொட்டியைச் சாக்கால் மூடி மூன்று நாள் இருட்டில் வையுங்கள். வளர்ந்த மீன்களுக்கு அந்த மூன்று நாளும் தீவனம் வேண்டாம். காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும். பிறகு மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். தீவனம் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. வடித்த பச்சை நீரை முருங்கைக்கோ கீரைப்பாத்திக்கோ ஊற்றலாம்.