தங்காத எண்ணெய்

எந்திரங்களின் உட்புறம் – 14

போன வாரம் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினின் அடியில் தேங்கி நிற்கும் எண்ணெயைப் பார்த்தோம். அதைக் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்தத் தேக்கமே கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறைக்குள்தான் பெட்ரோலும் காற்றும் முதலில் நுழைகின்றன. அங்கே எண்ணெய் நிற்க இடமில்லை. பெட்ரோலோடு துளித்துளியாக வரும் எண்ணெய் கிராங்க் பேரிங்கில் கொஞ்சம், சிலிண்டர் சுவரில் கொஞ்சம் படிந்து, மேலே ஏறி எரிந்து, புகையாக வெளியேறிவிடுகிறது. ஆகவே இதில் 'ஆயில் எப்போது மாற்றுவது?' என்ற கேள்வி எழாது. ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பும்போதும் நாம் செய்வது ஆயில் சர்வீஸ்தான்.

இந்த எண்ணெய் முறையைக் கடுமையாகச் சோதிக்கும் இடம் மணல்மேடு. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணற்குன்றுகளில் பருத்த டயர்களோடு ஓடும் ஏடிவி வண்டிகளில் இரண்டு ஸ்ட்ரோக்கின் பெயரை நிலைநாட்டியவை யமஹாவின் இரு வண்டிகள். 1987இல் வந்த பான்ஷீ 347 சிசி, இரட்டை சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது. மறு ஆண்டு வந்த பிளாஸ்டர் 195 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது. இரண்டும் அமெரிக்காவில் 2006 வரை விற்றன. அப்போது நடைமுறைக்கு வந்த புகை விதிகள் இந்த இனத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தன.

பான்ஷீக்கு எண்ணெயைக் கையால் அளந்து பெட்ரோலில் கலக்க வேண்டும். பிளாஸ்டருக்குத் தனி ஆயில் டாங்க், தனி பம்ப். என்ஜின் வேகத்தையும் ஆக்ஸிலரேட்டர் திறப்பையும் பார்த்து வேண்டிய அளவை அந்தப் பம்ப்பே அனுப்பும். யமஹா இதற்கு வைத்த பெயர் ஆட்டோலூப். நம் ஊர் ஆர்எக்ஸ் 100இல் இருந்ததும் இதுதான். அந்த வண்டியின் 2டி டாங்க் காய்ந்துபோனதைக் கவனிக்காமல் ஒருநாள் திண்டுக்கல் சாலையில் போனேன். பின்சக்கரம் சட்டென்று இறுகியது. அன்று கை தானாகக் கிளச்சைப் பிடித்திராவிட்டால் இந்தத் தொடரை எழுதியிருக்க மாட்டேன். பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் அலுமினியம் உருகி, சிலிண்டர் சுவரில் கோடுகோடாக ஒட்டியிருந்தது.

பிளாஸ்டர் வைத்திருக்கும் பலர் பம்ப்பை நம்பாமல் கழற்றிவிட்டுக் கலவைக்கு மாறிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ஜின் இறுகுவதற்கு டாங்க் காய்வதும், கழற்றி மாட்டிய குழாயில் காற்று புகுவதும்தான் நான் அதிகம் கண்ட காரணங்கள். இரண்டுமே பம்ப்பின் குற்றமல்ல. குழாயைக் கழற்றினால் பம்ப்பில் உள்ள சிறு திருகைத் தளர்த்திக் காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறும்வரை எண்ணெயை ஒழுகவிட வேண்டும். அது சரியாகும்வரை பெட்ரோலிலும் கொஞ்சம் ஆயில் கலந்து ஓட்டுவது நல்லது.

கலவைக்கு மாறுபவர்கள் கணக்கில் கவனம் வைக்கட்டும். 32க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 31 மில்லி. 20க்கு 1 என்றால் 50 மில்லி. 'கூட ஊற்றினால் கூடப் பாதுகாப்பு' என்று நினைப்பது இயல்பு. ஆனால் கார்புரேட்டர் ஜெட்டின் துளை மாறவில்லையே! அதன் வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். காற்று மிகுந்த கலவை சூடாக எரியும். எண்ணெயைக் கூட்டி என்ஜினைச் சுட்ட கதை இப்படித்தான் நடக்கிறது. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு தவறு, உயரமான மேட்டிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே இறங்குவது. கலவையில் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் வராவிட்டால் எண்ணெயும் வராது; கிராங்க் மட்டும் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். இறக்கத்தில் இடையிடையே ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் திறந்துவிட வேண்டும்.

எந்த எண்ணெய்? டப்பாவில் ஜாஸோ தரக்குறி எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா பாருங்கள். எஃப்டி கரியை இன்னும் நன்றாகக் கழுவும். படகு என்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெய் ஏரித் தண்ணீரால் குளிரும் என்ஜினுக்காகச் செய்யப்பட்டது; பிளாஸ்டரின் சூட்டுக்கு அது ஏற்றதல்ல. பந்தயக்காரர்களில் சிலர் இன்றும் ஆமணக்கெண்ணெய் கலந்ததையே தேடுகிறார்கள். நம் வீட்டு விளக்கெண்ணெய்தான்! முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் என்ஜின்களில் ஓடியதும் அதுவே. காஸ்ட்ரால் என்ற பெயரும் அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாத எண்ணெய் அது. ஆனால் பிஸ்டன் ரிங்கில் பிசினாகப் படியும், குளிரில் பெட்ரோலிலிருந்து பிரியும். அடிக்கடி பிரித்துத் துடைப்பவர்களுக்குத்தான் அது.

இந்த வண்டிக்குள் இன்னொரு எண்ணெயும் உண்டு. கியர்பாக்ஸில் இருக்கும் அது எரிவதில்லை. கிளச்சும் அதில்தான் நனைகிறது. அதனால் வழுக்கலைக் கூட்டும் கார் ஆயிலைத் தவிர்த்து, ஜாஸோ எம்ஏ முத்திரை உள்ளதை ஊற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கும் கிராங்க் அறைக்கும் நடுவே நிற்பது ஒரு ரப்பர் சீல் மட்டுமே. அது கிழிந்தால் கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சும். அடர்ந்த வெண்புகை வரும், பிளக் நனையும், தரையில் ஒரு சொட்டும் விழாமல் கியர் ஆயில் குறையும்.

மறுபுறம் மேக்னெட் பக்கத்திலும் ஒரு சீல் உண்டு. நான் அஞ்சுவது இதற்குத்தான். இது கிழிந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்று உள்ளே போகும். புகை இராது. ஆக்ஸிலரேட்டரை விட்டபிறகும் என்ஜின் வேகம் உடனே இறங்காமல் தொங்கும். வண்டி முன்பைவிடத் துடிப்பாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். அப்படித் தோன்றினால் அன்றே நிறுத்திவிடுங்கள். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, அவை பொருந்தும் வாய்களை அடைத்து, கைப்பம்ப்பால் 6 பிஎஸ்ஐ காற்றேற்றி ஆறு நிமிடம் அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். அதற்கு மிக மேலே ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கக்கூடும். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழியைத் தேடுங்கள், மேக்னெட்டைக் கழற்றி முதலில் அங்கே.