துருவா இன்டராக்டிவ்

துருவா இன்டராக்டிவ் என்பது பெங்களூருவில் 1997 முதல் 2019 வரை இயங்கிய நிகழ்பட ஆட்ட உருவாக்க நிறுவனம் ஆகும். ராஜேஷ் ராவ் இதனை நிறுவினார். இந்தியாவில் தோன்றிய முதல் ஆட்ட நிறுவனமாக இதனைப் பலர் குறிப்பிடுவர். ஆயினும், இது உருவாக்கிய வண்டிகளைத் திரையில் ஓட்டியவர்களுள் பெரும்பாலோர் இதன் பெயரை அறியார்.

பின்னணி

1990-களில் இந்திய வீடுகளில் 'வீடியோ கேம்' என்றால், தொலைக்காட்சியுடன் இணைத்து, கேசட் செருகி ஆடும் பெட்டிதான். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும்! அவையும் வெளிநாட்டில் உருவானவை. ஆட்டம் உருவாக்குவதைத் தொழிலாகக் கொள்ளலாம் என்ற எண்ணமே அன்று இங்கு அரிது.

வெளிவராத ஆட்டம்

பல்லூடகப் பணிகளில் ஈடுபட்டிருந்த ராவ், 1997-இல் ஆட்டத் துறைக்கு வந்தார். பிரான்சின் இன்போகிராம்ஸ் நிறுவனம் 'மிஷன்: இம்பாசிபிள்' ஆட்டத்தின் கணினிப் பதிப்பு வேலையைத் துருவாவிடம் அளித்தது. சிறிய நிறுவனம் ஒன்றுக்கு இது பெரிய வாய்ப்பு. அந்த ஆட்டம் 1998-இல் நின்டெண்டோ 64 கருவிக்கும், 1999-இல் பிளேஸ்டேசனுக்கும் வெளிவந்தது. கணினிப் பதிப்பு மட்டும் கடைக்கு வரவேயில்லை.

பிறர் ஆட்டங்களுக்கான வேலை

பின்னாளில் பிற நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு வேண்டிய வண்டி, கட்டடம், ஆயுதம், கதைமாந்தர் ஆகியவற்றை முப்பரிமாண உருவங்களாக ஆக்கித் தருவதே துருவாவின் முதன்மைப் பணியாயிற்று. மைக்ரோசாப்டின் 'ஃபோர்சா' கார்ப் பந்தய ஆட்டத் தொடருக்கு அது செய்த கார்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

ஒரு காரை உருவாக்குவது எளிய வேலையன்று. உண்மைக் காரின் ஒளிப்படங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு, சிறு சிறு பலகோணங்களைக் கோத்து வலைபோல உருவம் அமைப்பர். அதன்மேல் வண்ணம், கண்ணாடி, தோல் இருக்கை ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்களை ஒட்டுவர். கார் தொலைவில் தெரியும்போது கருவிக்குச் சுமை கூடாதிருக்க, குறைந்த பலகோணங்கள் கொண்ட வேறு வடிவங்களும் தேவை. ஆகவே ஒரே காரைப் பலமுறை செய்யவேண்டியிருக்கும். ஆடுபவர் இதைக் கவனிக்காவிட்டால்தான் வேலை சரியாக அமைந்தது என்று பொருள்.

1979-இல் அமெரிக்காவின் அட்டாரியிலிருந்து நான்கு நிரலர்கள் வெளியேறி ஆக்டிவிசன் நிறுவனம் உருவாகக் காரணமானவற்றுள் ஒன்று, தாங்கள் செய்த ஆட்டங்களில் தங்கள் பெயர் இடம்பெறவில்லை என்ற குறை. துருவா நிலைத்ததோ பெட்டியின் முகப்பில் பெயர் வராத வேலையால். சொந்தமாகச் சில ஆட்டங்களையும் அது முயன்றது. கைப்பேசி ஆட்டங்களுக்காகச் சார்லி சாப்ளின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கியது. தாமஸ் ஃபிரீட்மன் 2005-இல் வெளியிட்ட 'தி வேர்ல்டு இஸ் ஃபிளாட்' நூலில் துருவாவைப் பற்றி எழுதியுள்ளார்.

கைமாற்றம்

2016 டிசம்பரில் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் துருவாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் ஸ்டார்பிரீஸ் பணநெருக்கடியில் சிக்கியது. துருவாவின் தொழிலில் குறையொன்றும் இல்லாதபோதும் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. 2019 மே மாதம் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஆட்டத்தின் வெளியீட்டாளரான ராக்ஸ்டார் கேம்ஸ், அப்பங்குகளை 79 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட கலைஞர்களும் பணியாளர்களும் பெங்களூருவிலேயே இருந்த ராக்ஸ்டார் இந்தியாவுடன் இணைக்கப்பட்டனர். துருவா என்ற பெயர் அத்துடன் வழக்கிலிருந்து நீங்கியது.