நெஞ்சு என்னும் சொல்லும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும்

தமிழில் நெஞ்சு என்னும் சொல் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் 125ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு கிளத்தல்’. பிரிவால் வாடும் தலைவி அங்கே தன் மனத்தோடு பேசுகிறாள். நெஞ்சாரப் பாராட்டுகிறோம், இரக்கமுடையவரை நெஞ்சில் ஈரமுள்ளவர் என்கிறோம், அஞ்சாதவரின் நெஞ்சுரத்தைப் போற்றுகிறோம்.

ஆயினும், மருத்துவரிடம் ‘நெஞ்சில் ஏதோ செய்கிறது’ என்று மட்டும் கூறினால் போதாது. 12 இணை விலா எலும்புகள் சூழ்ந்த கூட்டினுள் இதயம், நுரையீரல்கள், உணவுக்குழாய் ஆகிய யாவும் உள்ளன. இவற்றுள் எதில் நோய் நேர்ந்தாலும் நாம் நெஞ்சு என்றே சொல்கிறோம். நெஞ்சுச் சளி என்பது மூச்சுக்குழல்களையும் நுரையீரலையும் சார்ந்தது. 1928இல் காசநோயாளருக்கெனத் தொடங்கப்பெற்ற தாம்பரம் மருத்துவமனை ‘நெஞ்சக மருத்துவமனை’ என வழங்குவதும் இப்பொருளிலேயே. நெஞ்செரிச்சல் பெரும்பாலும் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவதால் உண்டாகிறது. மாரடைப்பிலோ அடைபடுவது மார்பு அன்று; இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி.

மாரடைப்பின் வலி சிலருக்கு வெறும் எரிச்சலாகவே தோன்றக்கூடும். அதனை ‘வாயுத் தொல்லை’ என்று கருதிச் சோடாவோ இஞ்சிச் சாறோ அருந்திக் காத்திருப்பது பேரிடரை விளைவிக்கும். குருதி கிடைக்காத இதயத் தசை நேரம் செல்லச் செல்ல அழிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, வலி எவ்விடத்தில் உள்ளது, எப்போது தொடங்கியது, அழுத்துவதுபோல் உள்ளதா, எரிகிறதா, குத்துகிறதா என்று தெளிவாகக் கூறுங்கள். நடக்கும்போது மிகுகிறதா, உணவுக்குப் பின் வருகிறதா, மூச்சை இழுக்கும்போது வலிக்கிறதா என்பனவற்றையும் தெரிவியுங்கள்.

நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடத்தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே 108 எண்ணை அழையுங்கள். நோயாளி தாமே வண்டி ஓட்டி வருதல் கூடாது. முதியோர், பெண்கள், நீரிழிவு நோயாளர் ஆகியோருள் சிலருக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும்; மூச்சுத்திணறலும் காரணமறியாச் சோர்வும் மட்டுமே அறிகுறிகளாகலாம்.

பெண்களுக்கு மற்றொன்றும் கூறவேண்டும். மார்பகத்தில் கட்டி தென்பட்டாலும், கூச்சத்தால் ‘நெஞ்சில் உறுத்தல்’ என்று மட்டும் சொல்லி விடுவோர் உண்டு. கட்டி என்றே சொல்லுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாயினும் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நன்கு குணப்படுத்த இயலும். மருத்துவரிடம் நேரே கூறத் தயங்கினால் செவிலியரிடம் கூறலாம்.

உடன் வரும் குடும்பத்தினர் வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, நோயாளி உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் கொண்டு வருதல் நலம். நோயாளியால் பேச இயலாத நிலையில் அவருக்காகப் பேசுபவை அவையே.